ஓ.எல்லுக்குச் சங்கீதம் எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரம் 9இன் மூன்றாம் தவணை தொடங்கினால் என்னால் சந்தைக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒரு தாய் பக்கத்தில் வந்து, "ரீச்சர், மகள் சங்கீதம் எடுக்கலாமோ?" என்று தொடங்குவார். இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். கேட்கிற ஆட்கள் மாறுகிறார்களே தவிரக் கேள்விகள் மாறவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். இலங்கையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

சங்கீதம் கட்டாய பாடமா, விரும்பினால் எடுக்கிற பாடமா?

தரம் 6 முதல் 9 வரை அழகியல் பாடம் ஒன்று கட்டாயம். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் உங்கள் பள்ளிக்கூடத்தில் எது நடக்கிறதோ அதில் ஒன்றைப் பிள்ளை படித்திருக்கும். தரம் 10இல் கதை மாறுகிறது. ஓ.எல்., அதாவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு 9 பாடங்கள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் பொது. மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சங்கீதம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது.

"சங்கீதம் எடுத்தால் ஐ.சி.ரி.யை (தகவல் தொழினுட்பத்தை) விட வேண்டி வருமே" என்று கவலைப்படுகிறவர்கள் பலர். அப்படி இல்லை. ஐ.சி.ரி. மூன்றாம் தொகுதியில், வணிகம் முதலாம் தொகுதியில். சங்கீதத்துக்குப் போட்டியாக நிற்பவை சித்திரம், நடனம், நாடகம், தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கியம் போன்றவைதான். இரண்டாம் தொகுதியில் எதையாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிள்ளைக்குக் குரல் இல்லை. எடுக்கலாமா?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. பெற்றோர் "குரல் இல்லை" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, குரல் இனிமையாக இல்லை. இரண்டு, குரல் எழும்பவில்லை, வெட்கம். மூன்று, சுருதி சேரவில்லை, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக ஒலிக்கும் 'ச'வோடு குரல் ஒட்டவில்லை.

முதலாவது பிரச்சினையே இல்லை. பரீட்சகர் முன்னால் பாடும்போது புள்ளி விழுவது சுருதி, தாளம், சுர சுத்தம், உருப்படியை (படித்த பாட்டை) பாடமாக்கிய விதம் ஆகியவற்றுக்கு. கரகரத்த குரலோடு சுத்தமாகப் பாடி ஏ எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தேன் போன்ற குரலை வைத்துக்கொண்டு தாளத்தைக் கோட்டைவிட்டுச் சி-யோடு நின்றவர்களையும் தெரியும். இரண்டாவது பழக்கத்தில் போகும். காலைப் பிரார்த்தனையில் நாலு பேரோடு நிறுத்தி, பிறகு இரண்டு பேரோடு நிறுத்தி, பிறகு தனியே விட்டால் சரி.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. அதற்கு நான் வைக்கும் சோதனை மிகச் சின்னது. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒரு 'ச' பாடிக் காட்டுவேன். பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். பிழைத்தால் திருத்த மாட்டேன், "இன்னும் ஒருக்கா கேள்" என்று மட்டும் சொல்வேன். இரண்டாம் மூன்றாம் தடவையில் தானாகவே கிட்ட வந்து சேர்கிற பிள்ளை சங்கீதம் படிக்கும். ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குத் தன் பிழை காதில் கேட்கிறது. பிழை கேட்காத பிள்ளைதான் கஷ்டப்படும், ஆனால் தரம் 6இல் இருந்து படித்து வந்த பிள்ளை என்றால் காது ஓரளவு திறந்தே இருக்கும். ஆகவே குரலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காதைப் பற்றிக் கேளுங்கள்.

மகன் போன வருடம் நன்றாகப் பாடினான். இப்போது குரல் உடைந்துவிட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்த ஒரு காரணத்தினாலேயே பொடியன்கள் பாதிப் பேர் தரம் 9இல் சித்திரத்துக்கு ஓடுகிறார்கள். எங்கள் வகுப்புகளில் பெண்பிள்ளைகள் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடப்பது இதுதான். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன. பொடியன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'வில் இருந்து அடுத்த 'ச' வரையான தூரம்) கீழே இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆனால் வெளியே தெரியாத அளவு. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. தரம் 7இல் 5 கட்டையில் துள்ளித் துள்ளிப் பாடியவன் தரம் 10இல் 1 கட்டை, ஒன்றரைக் கட்டைக்கு வந்து நிற்பான். இடையில் ஆறு மாதமோ ஒரு வருடமோ, பஞ்சமத்துக்கு ('ப'வுக்கு) மேலே போகும்போது குரல் கிறீச்சிட்டு உடையும். வகுப்பு சிரிக்கும். அவன் அடுத்த நாள் வயிற்றுவலி என்று வர மாட்டான்.

கலவன் பள்ளிக்கூடத்தில் இது இன்னும் சிக்கல். பெண்பிள்ளைகளுக்காகச் சுருதியை 5 கட்டையில் வைத்தால் பொடியன்கள் ஒன்றில் கத்துவார்கள், அல்லது அடித்தொண்டையில் முணுமுணுப்பார்கள். நான் வகுப்பை இரண்டாகப் பிரித்து விடுவேன். ஒரு குழு பாடும்போது மற்றக் குழு தாளம் போடும். பிறகு சுருதியை மாற்றிவிட்டு மாறிப் பாடுவது. பாடவேளையில் பாதி போய்விடுகிறதே என்று கேட்பார்கள். தாளம் போடுகிறவர்களும் படித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

வீட்டில் செய்ய வேண்டியது: சுருதியை இறக்குங்கள், மேல் ஸ்தாயியைக் கொஞ்சக் காலம் தொட வேண்டாம், மத்திய ஸ்தாயியில் ச ரி க ம ப வரை நீளமாக, மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பழைய உயரத்தை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று வீம்புக்கு நின்றால்தான் தொண்டை கெடும். புதுக் குரல் வந்து உட்கார்ந்த பிறகு அதில் ஒரு கனம் இருக்கும். கீர்த்தனைக்கு அது அழகு.

தரம் 9 வரை சித்திரம் படித்த பிள்ளை பத்தில் சங்கீதத்துக்கு மாறலாமா?

பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்து, அதிபரும் பாட ஆசிரியரும் சம்மதித்தால் மாறலாம். ஆனால் வெளியே எங்கேயாவது சங்கீதம் படித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். நாலு வருடம் படிக்கிற வரிசைகள், அலங்காரங்கள் என்ற சுரப் பயிற்சிகளை ஒரு தவணையில் விழுங்க முடியாது. "அவள் சினிமாப் பாட்டு நன்றாகப் பாடுவாள்" என்பது காரணம் ஆகாது.

ஏ எடுக்கச் சுலபமான பாடம் என்கிறார்களே?

இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. நாளாந்தம் பாடுகிற பிள்ளைக்குச் சுலபம்தான். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு கொப்பியைத் தூக்குகிற பிள்ளைக்கு வரலாற்றைவிடக் கஷ்டம். வரலாற்றை இரவிரவாக விழித்திருந்து பாடமாக்கலாம். கீர்த்தனையை அப்படி ஆக்க முடியாது, தொண்டை மறுநாள் காட்டிக்கொடுத்துவிடும்.

புள்ளிக் கணக்கு எல்லாப் பாடத்துக்கும் உள்ளதுதான்: 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ். ஏ.எல். (உயர்தரம்) படிக்க வழமையாகத் தமிழும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் சி-யும் வேண்டும் என்பார்கள். அந்த மூன்று சி-யில் சங்கீதமும் ஒன்றாக இருக்கலாம். பாடத்தை மதிக்காத ஒரு தகப்பனிடம் ஒருமுறை இதைச் சொன்னபோதுதான் அவர் கதிரையில் இருந்தார், அதுவரை நின்றபடிதான் கதைத்தார்.

செயன்முறைப் பரீட்சையில் என்ன நடக்கும்?

எழுத்துப் பரீட்சை ஒரு நாள், செயன்முறை வேறொரு நாள். அதற்கென்று நியமித்த பரீட்சகர்கள் முன்னால் பிள்ளை தனியே உட்கார்ந்து, சுருதியோடு, கையில் தாளம் போட்டுப் பாட வேண்டும். எந்தெந்த உருப்படிகள் என்பது பாடத்திட்டத்தில் இருக்கும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியரிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கொப்பியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதை நம்பாதீர்கள்.

பிள்ளைகள் விழுகிற குழி பெரும்பாலும் ஒன்றுதான். பயத்தில் சுருதி மேலே போவது. தொடக்கத்தில் சரியாகப் பிடிப்பார்கள். பாட்டின் முதல் பகுதியான பல்லவி முடிந்து அடுத்த பகுதியான அனுபல்லவிக்கு ஏறும்போது பதற்றத்தில் அரைச் சுரம் மேலே போய், அங்கேயே தங்கிவிடுவார்கள். அதனால் வகுப்பில் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதிப் பெட்டியை நிறுத்திவிடுவேன். இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) கழித்துத் திரும்பப் போடுவேன். பிள்ளை அதே இடத்தில் நிற்கிறதா என்று எல்லோரும் கேட்போம். முதல் வாரம் ஒருவரும் நிற்க மாட்டார்கள். ஒரு வருடம் செயன்முறை நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய், சுருதிப் பெட்டி நடுப் பாட்டில் நின்றுவிட்டது. உள்ளே பாடிக்கொண்டிருந்தது எங்கள் பிள்ளை. அவள் நிறுத்தவில்லை. வெளியே வந்து, "ரீச்சர், நீங்கள்தான் நிப்பாட்டினது எண்டு நினைச்சன்" என்றாள்.

தாளம்தான் வராது. எப்படிப் பழக்குவது?

ஆதி தாளத்தில் இருந்து தொடங்குங்கள். ஒரு தட்டு, பிறகு சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல். அது நாலு. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. சமைக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ தொடையில் போடலாம், பாட்டே வேண்டாம்.

குழப்பம் வருவது காலத்தில், அதாவது பாடும் வேகத்தில். முதலாம் சரளி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எட்டுச் சுரம், இறங்கும்போது எட்டு, ஆகப் பதினாறு. முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சுரம், ஆகவே இரண்டு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் அட்சரத்துக்கு இரண்டு சுரம், ஒரே ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நாலு சுரம், அரை ஆவர்த்தனத்திலேயே வரிசை முடிந்துவிடும். அதனால்தான் மூன்றாம் காலத்தை இரண்டு முறை பாடுகிறோம், அப்போதுதான் தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வந்து சேரும். இந்தக் கணக்குத் தெரியாத பிள்ளை மூன்றாம் காலம் என்றதும் கையை வேகமாக்கும். கை ஒருபோதும் வேகமாகக் கூடாது. வேகமாவது வாய்தான். கையைச் சுவர்மணிக்கூட்டின் முள் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எழுத்து வினாத்தாளில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும்?

பல்தேர்வும் கட்டமைப்பு, கட்டுரை வினாக்களும் வரும். இராக லட்சணம், தாளங்கள், இசைக் கருவிகள், வாக்கேயகாரர் (பாட்டையும் இசையையும் சேர்த்து ஆக்கியவர்) வரலாறு, உருப்படிகளின் இலக்கணம், சுரதாளக் குறிப்பு (பாட்டைச் சுரமும் தாளமுமாக எழுதுவது), ஈழத்து இசை மரபு எல்லாம் அதில் அடங்கும்.

இராக லட்சணத்துக்கு ஒழுங்கு ஒன்று பழக்கிக்கொண்டால் எந்த இராகம் வந்தாலும் எழுதலாம். மோகனத்தை எடுப்போம். மேளம் (மேளகர்த்தா) என்பது ஏழு சுரமும் வரும் தாய் இராகம், அதில் இருந்து பிறப்பது ஜன்யம். மோகனம் 28ஆவது மேளமான ஹரிகாம்போதியின் ஜன்யம். ஆரோகணம் ச ரி க ப த ச, அவரோகணம் ச த ப க ரி ச. ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து சுரம், ஆகவே ஔடவ இராகம். ம, நி இரண்டும் வர்ஜம், அதாவது வராது. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். எழுதினால் ஆறு வரி. ஆனால் எழுதும்போது வாய்க்குள் பாடிப் பார்க்கச் சொல்வேன். தைவதத்தை எடுத்துவிட்டுக் காகலி நிஷாதத்தை வைத்துப் பாருங்கள், ச ரி க ப நி என்று ஹம்சத்வனி வந்து நிற்கும். ஒரு சுரத்தில் முகமே மாறிப்போகிறது. பாடிப் பார்த்த பிள்ளை இரண்டையும் மாற்றி எழுதாது.

வாக்கேயகாரர்களில் பிள்ளைகள் குழம்புவது இரண்டு மும்மூர்த்திகளால். திருவாரூரில் பிறந்த தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஒரு மூவர். அவர்களுக்கு முந்திய தமிழிசை மூவர் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்ற ஒழுங்கை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆண்டுகள் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஈழத்துப் பகுதியை எல்லோரும் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள், எனக்கு அது கவலை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது, அதே வருடம் அவர் காலமானார். இணுவில் வீரமணி ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் பாடல் இயற்றியவர். மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது ரி.எம். சௌந்தரராஜன் பாடிப் பெயர்பெற்ற பாட்டை எழுதியவரும் அவர்தான் என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். தவிலுக்கு தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரத்துக்கு அளவெட்டி பத்மநாதன். இவர்களைப் பற்றி வீட்டில் தாத்தாமாரைக் கேட்டால் புத்தகத்தில் இல்லாத கதையெல்லாம் வரும்.

மேளகர்த்தா எண்ணைப் பெயரில் இருந்து கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது என்ன?

கடபயாதி முறை. எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்தின் எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் வரும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. 51ஐத் திருப்பினால் 15. மேசகல்யாணியில் மே 5, ச 6. 56ஐத் திருப்பினால் 65. அழகான வித்தை.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கணக்கு வடமொழி எழுத்துகளுக்குப் போட்டது. அங்கே நாலு 'க' உண்டு, நமக்கு ஒன்றுதான். கரகரப்பிரியாவைத் தமிழில் எழுதிக் கணக்குப் போட்டால் க 1, ர 2, திருப்பினால் 21. அது கீரவாணி! உண்மையில் கரகரப்பிரியாவின் முதல் எழுத்து வடமொழியின் இரண்டாவது 'க', அதற்கு எண் 2. ஆகவே 22. தீரசங்கராபரணத்திலும் அப்படித்தான், அந்த 'தீ' நாலாவது 'த' வகையைச் சேர்ந்தது, எண் 9. 92ஐத் திருப்பினால் 29. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் கணக்கையும் தெரிந்துவைத்திருங்கள். முதல் 36 மேளத்தில் வரும் 'ம' சுத்த மத்திமம், அடுத்த 36இல் பிரதி மத்திமம். ஆறு ஆறாகப் பிரித்தால் 12 சக்கரம். சக்கரம் மாறினால் ரி, க மாறும், சக்கரத்துக்குள் த, நி மாறும். ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் 6 நிரை 6 நிரலாகக் கட்டம் கீறி ஒருமுறை தானே நிரப்பின பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சுரதாளக் குறிப்பில் புள்ளி ஏன் குறைகிறது?

மேல் ஸ்தாயிப் புள்ளியும் கீழ் ஸ்தாயிப் புள்ளியும் போட மறப்பதால். அப்புறம் லகுவும் (தட்டோடு விரல் எண்ணும் பகுதி) திருதமும் (தட்டும் வீச்சும்) முடிகிற இடத்தில் கோடு போட மறப்பதால். எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் வராவிட்டால் எங்கேயோ ஒரு கார்வை (சுரத்தின் நீட்டம்) தொலைந்திருக்கிறது.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதியிருக்கிறாள். ஓ.எல்லுக்கு உதவுமா?

நிறைய உதவும். சபையின் தரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்த பிள்ளைக்குப் பரீட்சகர் முன்னால் பாடிப் பழக்கம் இருக்கும், அதுவே பாதி வெற்றி. ஆனால் சபையின் பாடத்திட்டமும் பள்ளிக்கூடப் பாடத்திட்டமும் ஒன்றல்ல. நாலாம் தரம் முடித்த பிள்ளை, "எனக்கு எல்லாம் தெரியும்" என்று வகுப்பில் கொப்பி எழுதாமல் இருந்து எழுத்து வினாத்தாளில் பி-யோடு திரும்பியதைக் கண்டிருக்கிறேன். ஓ.எல். வருடத்தில் சபைப் பரீட்சையையும் சேர்த்து இழுக்காதீர்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தேவாரம் பாட வேண்டி வருமா?

வரும். கீர்த்தனைகளும் பெரும்பாலும் கடவுளர் மேல்தான். என் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், நன்றாகவும் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, இதைப் பண்ணாக, பழந்தமிழ் இராகமாகப் படி என்று. ஞானசம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகம் புறநீர்மைப் பண். இன்றைக்கு அதைப் பூபாள இராகத்தில் பாடுகிறோம். நட்டபாடை கம்பீரநாட்டையாக, காந்தார பஞ்சமம் கேதாரகௌளையாக வந்திருக்கின்றன. தமிழிசை எங்கிருந்து வந்தது என்று அறிய அதைவிட நேர்வழி இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் இதே இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் செய்தவர்தானே. அப்படியும் வீட்டில் மனம் ஒப்பவில்லை என்றால் பிள்ளையை இரண்டு பக்கமும் இழுக்காமல் வேறு பாடம் எடுப்பது நல்லது. மேலைத்தேய சங்கீதம் நடக்கிற பள்ளிக்கூடம் என்றால் அதுவும் ஒரு வழி.

வயலின், வீணை வாங்க வேண்டுமா?

இதற்காக வாங்கத் தேவையில்லை. வகுப்பறையில் நடப்பது வாய்ப்பாட்டு. சுருதி வேண்டும், அதற்கு இப்போது போனிலேயே தம்புராச் செயலிகள் கிடைக்கின்றன. போன் சத்தம் போதாவிட்டால் ஒரு சின்ன ஒலிபெருக்கியில் இணைத்துக்கொள்ளுங்கள். கருவி படிக்கிற ஆசை பிள்ளைக்கே இருந்தால் அது வேறு கதை.

ரியூசன் தேவையா?

எழுத்துக்குத் தேவையில்லை. பாடுவதற்கு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருந்தால் தேவையில்லை. ஆசிரியர் இடமாற்றமாகிப் போய் வெற்றிடம் நிரப்பாமல் கிடக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே ஒருவர் வேண்டும்தான். நாற்பது பேரை இருத்தி ஒலிவாங்கியில் குறிப்புச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனியே பாடி, பிழை திருத்தப்படாத சங்கீத வகுப்புக்குக் காசு கொடுப்பது வீண்.

டொக்டராக வரப்போகிற பிள்ளைக்கு இது எதற்கு?

இரண்டாம் தொகுதியில் எதை எடுத்தாலும் அந்தப் பிள்ளை டொக்டராக வரலாம், அதைச் சங்கீதம் தடுக்காது. "எதற்கு" என்று கேட்டால், சாயந்தரம் கணக்குச் செய்து தலை வெடிக்கிற நேரத்தில் எழும்பி நின்று அரை மணி பாடக்கூடிய பாடம் வேறு எது இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன்.

ஏ.எல்லில் தொடர்ந்தால் எதிர்காலம் என்ன?

ஏ.எல். கலைப்பிரிவில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். பட்டம் படிக்க எங்களுக்கு இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று மருதனார்மடத்தில். 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு சேர்ந்து, இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரிலேயே ஒரு பீடமாக இருக்கிறது. மற்றது மட்டக்களப்பு கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இரண்டுக்கும் ஏ.எல். பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல பெறுபேறு எடுத்தும் விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டு அழுத பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

வேலை என்று பார்த்தால் ஆசிரியத் தொழில்தான் முதலில் வரும். மேடைக் கச்சேரியை நம்பி மட்டும் குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே மிகக் குறைவு, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. திருமணச் சேவைக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறவர்கள் எங்களைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அது பள்ளிக்கூடத்தில் படித்து வருவதல்ல.

வீட்டில் எவ்வளவு நேரம் பாட வேண்டும்?

நாளுக்கு இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணித்தியாலம் பாடிவிட்டுக் கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். முதல் ஐந்து நிமிடம் 'ச' பிடிப்பது, அடுத்தது ஒரு வரிசை மூன்று காலம், மிச்சம் உருப்படி. மாதத்துக்கு ஒருமுறை போனில் பதிந்து வைத்து, போன மாதத்துப் பதிவோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். தன் குரலைப் பதிவில் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

செயன்முறைக்கு முதல் நாள் என்ன கொடுக்கலாம்? மிளகுக் கசாயமா, கற்கண்டா?

கற்கண்டு குற்றமில்லை, பிள்ளைக்குச் சந்தோஷமாவது இருக்கும். கசாயத்தை முன்பின் குடித்துப் பழகாத பிள்ளைக்கு அன்றைக்குப் போய்க் கொடுத்து வயிற்றைக் கலக்காதீர்கள். ஐஸ்கிறீம் வேண்டாம், முதல் நாள் விளையாட்டுப் போட்டியில் கத்தவும் வேண்டாம். இரவு நேரத்தோடு படுக்கட்டும். மற்றப்படி வழமையான சோறும் கறியும்தான், உறைப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.